எழுப்பியும் எழாதவர்: அதிகாலையில் அசைவற்றுப்போன ஒரு நோயாளியின் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு கற்பித்தலுக்காக அமைக்கப்பட்டது. எந்தவொரு தனி நோயாளியையும் குறிப்பதன்று. ஆனால் காவிரிப் படுகையிலும் இலங்கையின் வயல் சார்ந்த ஊர்களிலும் மழைக்காலத்து அதிகாலைகளில் பணியில் இருக்கும் மருத்துவர்கள் இத்தகைய நோயாளியைப் பார்த்திருப்பார்கள், அல்லது விரைவில் பார்ப்பார்கள்.

வருகை

34 வயதுள்ள விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர், அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காலை 7.05 மணிக்கு 108 ஆம்புலன்ஸில் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். முந்தைய இரவு நலமாகச் சாப்பிட்டுப் படுத்தவர். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, வலிப்பு எதுவும் இல்லை; குடிப்பழக்கமும் இல்லை. ஆம்புலன்ஸ் குறிப்பில் 'நினைவிழப்பு, பக்கவாதமாக இருக்கலாம்' என்று எழுதப்பட்டிருந்தது.

மார்பு அசைவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூச்சு மேலோட்டமாக இருந்தது. ஆக்சிஜன் செறிவு 82 சதவீதம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 124. இரத்த அழுத்தம் 170/100. உடல் வெப்பம் 36.4 டிகிரி செல்சியஸ். விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை 142. பெயர் சொல்லி அழைத்தபோதும், புருவ எலும்பின் மேல் அழுத்தியபோதும், நகக்கண்ணில் பேனாவை வைத்து அழுத்தியபோதும் எந்த எதிர்வினையும் இல்லை. நினைவின் நிலையை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவையில் 3, அதாவது அந்த அளவையின் அடிமட்டம். இரு கண்பாவைகளும் 6 மில்லிமீட்டர் விரிந்திருந்தன. டார்ச் ஒளிக்குச் சுருங்கவில்லை. தலையை இருபுறமும் திருப்பியபோது விழிகள் நகரவில்லை. கைகால்கள் துவண்டிருந்தன, தசைநாண் அனிச்சைகள் ஒன்றுகூட எழவில்லை.

முதல் நிமிடங்கள்

பதில் தராத நோயாளியிடம் மூச்சுக்கும் சர்க்கரைக்கும் பிறகுதான் காரணத்துக்கு இடம். இவருக்கு, கையால் அழுத்தி மூச்சூட்டும் ஆம்பு பையின் மூலம் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தப்பட்டது. கிளாஸ்கோ 3 என்றால் எந்த மயக்க மருந்தும் தேவையில்லை என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். இங்கே பணியில் இருந்த மருத்துவர் சிறு அளவு கெட்டமைன் கொடுத்த பிறகே குழாயைச் செலுத்தினார். காரணம் இன்னதென்று தெரியாதவரை நோயாளி வலியை உணர்கிறாரா இல்லையா என்பதும் தெரியாது. ஆகவே உணர்கிறார் என்றே கொள்ள வேண்டும். அந்த முடிவு எவ்வளவு சரியானது என்பது மூன்றாம் நாளில்தான் தெரியவந்தது.

குழாய் பொருத்துவதற்கு முன் எடுத்த தமனி இரத்தத்தில் அமிலகார அளவு 7.12, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 88. இந்த அளவு கார்பன் டை ஆக்சைடு தனியாகவே ஒருவரை நினைவிழக்கச் செய்யும். எனவே, வந்து சேர்ந்த தருணத்தில் அவர் உண்மையிலேயே நினைவிழந்திருக்கலாம். வென்டிலேட்டரில் இணைத்து நாற்பது நிமிடங்களில் அது 41-க்கு இறங்கியது, ஆக்சிஜனும் சீரானது. அதன் பிறகும் நோயாளியிடம் எந்த மாற்றமும் இல்லை. இங்கிருந்துதான் ஆய்வு தொடங்குகிறது: மூச்சு நின்றதால் நினைவு போயிற்றா, நினைவு போனதால் மூச்சு நின்றதா, அல்லது மூச்சும் அசைவும் மட்டுமே போய் நினைவு உள்ளேயே இருக்கிறதா?

மனைவி சொன்ன வரிசை

வாசலில் நின்றிருந்த மனைவியிடம் "எப்போது மயங்கினார்?" என்று மட்டும் கேட்டிருந்தால், "ஆறே கால் மணிக்கு" என்ற பதிலோடு விசாரணை முடிந்திருக்கும். "கடைசியாக அவர் நன்றாக இருந்தது எப்போது, அதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்று கேட்டதும் வேறொரு நோய் வெளிப்பட்டது.

"ராத்திரி மூணு மணி இருக்கும் டாக்டர். வயித்த முறுக்குதுன்னு எழுந்தாரு, ஒருதரம் வாந்தி எடுத்தாரு. வாயுவா இருக்கும்னு ஓமத் தண்ணி வச்சுக் குடுத்தேன். நாலரைக்கு மேல கண்ணைத் தொறக்க முடியல, இமை தானா விழுவுதுன்னாரு. அப்புறம் பேச்சு கொழறிச்சு. குடுத்த தண்ணி மூக்கு வழியா வந்துச்சு. கழுத்து நிக்கல. கேட்டதுக்கெல்லாம் கையாலதான் ஜாடை காட்டினாரு. கடைசில கையும் வரல."

தலைவலி என்று அவர் சொல்லவில்லை, வலிப்பு வரவில்லை, ஒரு பக்கம் இழுக்கவில்லை. எங்கே படுத்திருந்தார் என்று கேட்டபோது, திண்ணையில் பாய் விரித்துத் தரையில் படுத்திருந்ததாகவும், கொசுவலை கட்டவில்லை என்றும் சொன்னார். பாம்பை யாரும் பார்க்கவில்லை. கடித்த வலியென்று எதையும் அவர் சொல்லவும் இல்லை.

இந்த வரலாற்றின் எடை அதன் வரிசையில் இருக்கிறது. இமை, பேச்சு, விழுங்குதல், கழுத்து, கை, மூச்சு என்று செயலிழப்பு மேலிருந்து கீழாக இறங்கியிருக்கிறது. கைகள் ஓயும்வரை அவர் கேள்விகளுக்குச் சரியான ஜாடை காட்டியிருக்கிறார். மூளையே பழுதாகி நினைவு மங்குபவர் இப்படி ஒவ்வொரு தசையாக இழந்துகொண்டே பொருத்தமாகப் பதில் சொல்ல மாட்டார்.

எதை ஏன் விலக்கினோம்

முதலில் எழுந்த ஐயம் மூளைத்தண்டில் இரத்தக்கசிவு. திடீர் நினைவிழப்பும் உயர்ந்த இரத்த அழுத்தமும் அந்தப் பக்கம் இழுத்தன. ஆனால் மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் நாடி குறைவதே வழக்கம், இங்கே 124. பாலம் என்னும் மூளைத்தண்டுப் பகுதியில் கசிவு என்றால் பாவைகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். இங்கே முழுதும் விரிந்திருந்தன. சி.டி. ஸ்கேனில் கசிவு இல்லை. மூளைத்தண்டுக்கு இரத்தம் தரும் அடித்தமனியில் அடைப்பு என்பதை அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. ஏனெனில் முதல் சில மணி நேரத்தில் சாதாரண சி.டி. இயல்பாகவே தோன்றலாம், நினைவு இருந்தும் அசைய முடியாத நிலையை அந்த அடைப்பும் உண்டாக்கும். ஆகவே அதே அமர்வில் இரத்தக்குழாய் சி.டி.யும் எடுக்கப்பட்டது. குழாய்கள் அனைத்தும் திறந்திருந்தன.

விவசாயக் குடும்பம், வாந்தி, மூச்சுத் திணறல் என்றவுடன் பூச்சிமருந்து நினைவுக்கு வருவது நம் ஊர்களில் இயல்பு, வர வேண்டியதும்கூட. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் நஞ்சில் பாவை சுருங்கும், வாயிலும் நுரையீரலிலும் நீர் கொட்டும், வியர்வை பெருகும், பெரும்பாலும் நாடி குறையும். இவருடைய நெஞ்சு உலர்ந்திருந்தது, வாடையும் இல்லை. ஒடுவந்தழை என்னும் நச்சுத் தழையை அரைத்துக் குடித்திருப்பாரா என்பதும் வீட்டாரிடம் தனியாக, பழி சொல்லும் தொனி இல்லாமல் கேட்கப்பட்டது. அதற்கான சூழல் எதுவும் இல்லை. பொட்டாசியம் 3.0 என்று வந்தது. பொட்டாசியம் குறைந்து வரும் வாதம் இதைவிடத் தாழ்ந்த அளவுகளில்தான் உடல் முழுவதையும் வீழ்த்தும். அதிலும் கண்பாவை தப்பித்துவிடும். இங்கே குறைந்த பொட்டாசியம் காரணமாக வரவில்லை, விளைவாக வந்தது.

தசைக்களைப்பு நோயின் உச்சநிலையிலும் இமை விழும், மூச்சு ஓயும். ஆனால் பாவை தன் வேலையைச் செய்யும். நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் நாள்கணக்கில் ஏறும், இப்படி மூன்று மணி நேரத்தில் ஆளைச் சாய்க்காது. மிக நெருங்கிய போலி, கெட்டுப்போன உணவிலிருந்து வரும் பொட்டுலிசம்: அதிலும் வயிற்று உபாதை, விரிந்த பாவை, மேலிருந்து கீழிறங்கும் வாதம், தெளிவான நினைவு எல்லாம் உண்டு. அதை முற்றாக விலக்கும் சான்று முதல் நாளில் எங்களிடம் இல்லை. அடைத்து வைத்த உணவு எதையும் வீட்டில் உண்ணவில்லை, அதே சோற்றை உண்ட மற்ற மூவரும் நலம், வேகமும் மிக அதிகம் என்பதால் அது பின்னுக்குத் தள்ளப்பட்டது, அவ்வளவே.

எஞ்சியது கட்டுவிரியன் கடி. இரவில் நடமாடும் இந்தப் பாம்பு, தரையில் உறங்குபவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருப்பதில்லை. பல் பதிந்த தடம் கொசுக்கடியைப் போலிருக்கும், அல்லது தெரியவே தெரியாது. சில மணி நேரத்தில் வயிற்றுவலி, பிறகு இமைச்சரிவு, பிறகு இறங்கும் வாதம். நஞ்சு தன்னியக்க நரம்புகளையும் தாக்குவதால் நாடியும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன, பாவை விரிகிறது. பக்கவாதம் என்று திசைதிருப்பிய அதே இரத்த அழுத்தம் இந்த நோயின் இலக்கணத்தில் சரியாகப் பொருந்துகிறது.

உடல் முழுவதும், தலைமுடிக்குள்ளும் விரலிடுக்குகளிலும்கூட, வெளிச்சம் பிடித்துத் தேடியும் கடித்தடம் கிடைக்கவில்லை. உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்ததில் 20 நிமிடத்தில் உறைந்திருந்தது; கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் இரத்த நஞ்சு இல்லை என்பதற்கு அது ஒரு சான்று. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தால் நல்ல இரத்தமும் உறையாமல் ஏமாற்றிவிடும் என்பதால்தான் புதிய குழாய்.

தடம் இல்லாமல் விஷமுறிவு மருந்து

விஷமுறிவு மருந்து தீங்கற்றதன்று. குதிரைச் சீரத்திலிருந்து செய்யப்படுவதால் கடும் ஒவ்வாமை வரலாம். பாம்பும் இல்லை, தடமும் இல்லை, நஞ்சை இரத்தத்தில் கண்டறியும் பரிசோதனை நம் வார்டுகளில் வழக்கத்திலும் இல்லை. இந்த நிலையில் கொடுக்கலாமா? கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் முடிவு. மழைக்காலத்தில் தரையில் படுத்தவர், விடியற்காலை வயிற்றுவலி, இறங்கும் வாதம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வேறு காரணம் நிறுவப்படும்வரை அது கட்டுவிரியன் கடிதான். சி.டி. அறைக்குக் கொண்டுசெல்வதற்கு முன்பே, 7.50 மணிக்கு, தோலுக்கடியில் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் போட்டு, 10 குப்பி மருந்து ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாகச் செலுத்தப்பட்டது. முன்கூட்டியே அட்ரினலின் போடும் வழக்கத்துக்கு வலுவான ஆதாரம் இலங்கையிலிருந்து கிடைத்தது. 1007 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஆய்வு, அது கடும் ஒவ்வாமையைக் குறைக்கிறது என்று காட்டியது.

இந்தியாவில் கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. அதற்கான நஞ்சைப் பெருமளவில் நெடுங்காலமாக வழங்கி வருவது 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்குகிறது. ஒவ்வொரு குப்பிக்குப் பின்னாலும் அவர்களுடைய கைத்திறன் இருக்கிறது என்பதை இளம் மருத்துவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வாதம் தணிகிறதா என்று பார்க்க, நியோஸ்டிக்மின் 1.5 மில்லிகிராமும் அட்ரோபின் 0.6 மில்லிகிராமும் கொடுத்து இமையின் உயரமும் மூச்சின் அளவும் குறிக்கப்பட்டன. ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லை. நல்ல பாம்பின் நஞ்சு தசையின் பக்கமுள்ள ஏற்பியை மட்டும் அடைப்பதால் அதில் இந்த மருந்து பலன் தரும். கட்டுவிரியனின் பீட்டா பங்கரோடாக்சின் நரம்பு முனையையே சிதைத்துவிடுவதால் பெரும்பாலும் பலன் தராது. கண்பாவையின் அளவு அட்ரோபின் போடுவதற்கு முன்பே பதிவாகியிருந்தது முக்கியம். பதிவாகாமல் இருந்திருந்தால், விரிந்த பாவைக்கு மருந்துதான் காரணமா என்ற கேள்வி கடைசிவரை தீர்ந்திருக்காது.

மாற்றம் இல்லாததால் மேலும் 10 குப்பிகள் கொடுக்கப்பட்டன. 20 குப்பிகளோடு நிறுத்தியது நெறிமுறைக்காக மட்டுமன்று. சுற்றோட்டத்தில் உள்ள நஞ்சை மருந்து கட்டும். அழிந்த நரம்பு முனையை அதனால் திருப்பித் தர முடியாது. அந்த முனைகள் மீண்டும் வளரும்வரை வென்டிலேட்டர்தான் சிகிச்சை.

இரண்டாம் நாளின் கேள்வி

இந்த நிகழ்வின் மையம் இரண்டாம் நாள் காலையில்தான் இருக்கிறது. தூக்க மருந்துகளை நிறுத்திப் பார்த்தபோதும் கிளாஸ்கோ 3, பாவைகள் நிலைத்திருந்தன, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமைக்கவில்லை, குழாய்க்குள் சளி உறிஞ்சினால் இருமவில்லை, வென்டிலேட்டரைத் தாண்டி ஒரு மூச்சுகூட இல்லை. முதல் நாளில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த நேரத்தை நினைத்து, மூளைச்சாவு பரிசோதனை செய்யலாமா என்ற பேச்சு வார்டில் எழுந்தது. கெட்ட எண்ணத்தால் எழுந்த பேச்சு அன்று. காகிதத்தில் இருந்த எண்கள் அப்படித்தான் பேசின.

ஆனால் அந்த எண்கள் எதை அளந்தன என்று பார்க்க வேண்டும். 1974-ல் டீஸ்டேலும் ஜெனட்டும் வகுத்த கிளாஸ்கோ அளவை கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு என்ற மூன்றைக் கணக்கிடுகிறது. மூன்றும் தசைகளின் வேலை. இமைக்கும் அனிச்சை, இருமல், விழியசைவு, மூச்சு ஆகியவையும் தசைகளின் வேலையே. தசைக்குச் செல்லும் எல்லா நரம்பு முனைகளும் ஓய்ந்துவிட்டால், விழித்திருக்கும் மூளையும் இறந்த மூளையும் இந்தச் சோதனைகள் அனைத்திலும் ஒரே விடையைத் தரும். 1994-ன் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை உறுதிசெய்யக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்கச் சொல்கிறது. அந்த இடைவெளி கட்டுவிரியன் நோயாளியைக் காப்பாற்றாது. ஆறு மணி நேரம் கழித்தும், மறுநாளும் அவர் அப்படியேதான் இருப்பார். காப்பது சோதனைக்கு முந்தைய நிபந்தனை: மீள முடியாத மூளைச்சேதத்துக்கு அறிந்த காரணம் ஒன்று இருக்க வேண்டும், நரம்பு-தசை முடக்கம் இல்லை என்று உறுதியாக வேண்டும். இவருக்கு சி.டி. இயல்பு, வரலாறு வாதத்தைச் சொல்கிறது. சோதனையைத் தொடங்கவே இடமில்லை என்று தலைமை மருத்துவர் அங்கேயே எழுதிக் கையொப்பமிட்டார்.

உள்ளே நினைவு இருக்கிறதா என்று தசையைக் கேட்காமல் அறியும் வழி, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. அன்று மதியம் எடுத்த பதிவில், தலையின் பின்பகுதியில் ஆல்ஃபா அலைகள் சீராக ஓடின. செவிலியர் விரலால் இரு இமைகளையும் உயர்த்திப் பிடித்தபோது அவை மங்கின. இமையை விட்டதும் திரும்பின. ஒளியை வாங்கி அதற்கு மாறுகிற மூளை அது. ஆக்சிஜன் இன்றிச் சிதைந்த மூளையிலும் ஆல்ஃபா போன்ற அலைகள் தோன்றுவதுண்டு. ஆனால் அவை இப்படி அசைந்துகொடுப்பதில்லை.

அந்தப் பதிவுக்குப் பிறகு வார்டின் நடைமுறை மாறியது. இரவில் குறைந்த அளவு தூக்க மருந்து, உறிஞ்சலுக்கு முன் வலிநிவாரணி, உலராமல் இருக்கக் கண்ணுக்குக் களிம்பு, திருப்பிப் படுக்கவைக்கும்போதெல்லாம் "அண்ணே, இப்ப உங்களை வலப்பக்கம் திருப்புறோம்" என்ற முன்னறிவிப்பு. படுக்கையருகே நின்று நோயின் முடிவைப் பற்றிப் பேசக் கூடாது என்ற குறிப்பு கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதப்பட்டது. மனைவி காலையும் மாலையும் உள்ளே வந்து வீட்டுச் செய்தி சொல்ல அனுமதிக்கப்பட்டார்.

மூன்றாம் நாள் மாலையில் உடலின் ஒவ்வொரு பகுதியாகப் பெயர் சொல்லி அசைக்கச் சொன்னோம். நெற்றி, இமை, உதடு, விரல்கள் எதுவும் அசையவில்லை. "கேக்குதுன்னா இடது கால் பெருவிரலை அசைங்க" என்றபோது, போர்வையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் தெரியும் அளவுக்கு விரல் கீழ்நோக்கி மடங்கியது. ஒருமுறை அசைவது தற்செயலாக இருக்கலாம். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு என்று சொல்லி, விடை தெரிந்த கேள்விகளைக் கலந்து கேட்டோம்: மகளின் பெயர், ஊரின் பெயர், இது பகலா இரவா. எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்தது. அதற்குப் பிறகு கேட்ட முதல் உண்மையான கேள்வி, வலிக்கிறதா என்பது. விரல் ஒருமுறை மடங்கியது. தொண்டைக் குழாயைக் கட்டியிருந்த நாடா காதை அறுத்துக்கொண்டிருந்தது.

பின்னர்

நான்காம் நாளில் நெற்றிச் சுருக்கமும் பாவையில் மெல்லிய சுருக்கமும் திரும்பின. ஆறாம் நாள் தலையணையிலிருந்து தலையை உயர்த்தினார். எட்டாம் நாள் குழாய் அகற்றப்பட்டது. இந்த வேகமே நோயறிதலுக்குக் கடைசிச் சான்று; பொட்டுலிசம் என்றால் வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் இருந்திருப்பார். முதல் நாள் அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. கார்பன் டை ஆக்சைடு உச்சத்தில் இருந்த நேரமும் அதுதான். ஆனால் இரண்டாம் நாள் காலையில் தன் தலைமாட்டில் நடந்த பேச்சை, யார் குரல் என்பது உட்பட, அவர் திருப்பிச் சொன்னார்.

ஆக்சிஜன் குறைந்திருந்த நேரத்தை முன்னிட்டு நினைவாற்றலும் கவனமும் சோதிக்கப்பட்டன, குறை இல்லை. தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருப்பதால், தடம் இல்லாத கடி என்ற குறிப்போடு அதற்கான படிவம் அனுப்பப்பட்டது. பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பும்போது கட்டிலில், ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலைக்குள் படுக்கும்படி குடும்பத்தாருக்குச் சொல்லப்பட்டது. விஷமுறிவு மருந்து போட்ட ஓரிரு வாரங்களுக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தோல் தடிப்பு வந்தால் அது சீரத்தால் வரும் எதிர்வினையாக இருக்கலாம், உடனே வர வேண்டும் என்பது மருத்துவமனைச் சீட்டின் கடைசி வரியில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டு, மனைவியிடம் படித்துக் காட்டப்பட்டது.